நெடுநல்வாடையில் உள்ளறைச் சுவரும் புனையா ஓவியமும்

ஆய்வுச்சுருக்கம்

நெடுநல்வாடையில் அரசி தங்கும் உள்ளறையின் சுவர், சுதை பூசப்பெற்று, செம்பின் தோற்றம் பெற்று, பூங்கொடி எழுதப்பெற்று நிற்கிறது. அவ்வறையில் இருக்கும் அரசியோ வண்ணமிடாத ஓவியத்தோடு ஒப்பிடப்படுகிறாள். முதலாவது இடத்தைக் கலைவரலாற்றுச் சான்றாகவும், இரண்டாவதை உவமைநயமாகவும் தனித்தனியே எடுத்துக்காட்டுவது ஆய்வு வழக்கம். இவ்விரண்டும் ஒன்றையொன்று நோக்கி அமைந்தவை என்பதையும், சுவர்வேலையின் படிநிலைகளே அரசியின் நிலையைச் சொல்லும் மொழியாகப் பாட்டில் அமைகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குறிச்சொற்கள்: நெடுநல்வாடை, சுவரோவியம், சுதை, செம்பு, புனையா ஓவியம், நச்சினார்க்கினியர்

முன்னுரை

சங்ககால ஓவியக்கலை குறித்த எழுத்துகள் தவறாமல் தொட்டுச்செல்லும் இடங்கள் சில உள்ளன. பரிபாடலின் 19ஆம் பாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம், மதுரைக்காஞ்சியில் வரும் அமண்பள்ளி, காலத்தால் பிற்பட்ட மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் வரும் புகார் நகர மாடங்கள், நெடுநல்வாடையின் அரண்மனை உள்ளறை ஆகியன அவை. இவ்வரிசையில் நெடுநல்வாடைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். அரண்மனைச் சுவர்களிலும் பூங்கொடிகள் எழுதப்பட்டிருந்தன என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அடுத்த சான்றுக்கு நகர்ந்துவிடுகிறார்.

சான்று தேடுவது குற்றமன்று. தமிழகத்தில் இன்று எஞ்சியிருக்கும் பழஞ்சுவரோவியங்களுள் முதன்மையான பனைமலை, காஞ்சிக் கைலாசநாதர் கோயில், சித்தன்னவாசல் ஆகியவை கோயில்களிலும் குடைவரையிலும் உள்ளவை; பத்துப்பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. மனிதர் உறங்கி எழுந்த ஓர் அறையின் உட்சுவர் அக்காலத்தில் எவ்வாறு பூசப்பட்டது, எந்நிறம் பெற்றது என்பதை அறியப் பாட்டையே நாட வேண்டியுள்ளது. ஆனால் சான்றுக்காக ஐந்து அடிகளைப் பெயர்த்தெடுக்கும்போது, முப்பது அடிகள் கழித்து அதே அறைக்குள் வரும் மற்றோர் ஓவியம் கண்ணில் படாமல் போகிறது. இக்கட்டுரையின் அக்கறை அந்த இழப்பைப் பற்றியது.

சுதையும் செம்பும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆனது. அதன் 110 முதல் 114 வரையுள்ள அடிகள் உள்ளறையின் தோற்றத்தைத் தருகின்றன. வெள்ளி போல விளங்கும் சுதை பூசப்படுகிறது. நீலமணி போன்ற கரிய, திரண்ட, திண்ணிய தூண்கள் நிற்கின்றன. செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர் எழுகிறது. அழகிய பல பூக்களையுடைய ஒரு கொடி அதில் வளைந்து ஓடுகிறது. இத்தகைய நல்ல இல் கருவோடு பெயர்பெற்றது என்று அடி முடிகிறது. இதனைக் கருப்பக்கிருகம் எனக் கொள்வது உரைமரபு.

படித்தவுடன் ஓர் ஐயம் எழ வேண்டும். சுதை வெள்ளி போன்றது என்றால் சுவர் வெண்மையாக இருக்க வேண்டும். அது செம்பு போன்றது ஆவது எங்ஙனம்? இவ்வையத்தைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சுதை மாடத்தின் வேறு பகுதிக்கு உரியது, செம்பு சுவருக்கு உரியது எனப் பிரித்துக்கொள்வது. மற்றொன்று, செம்பு என்பதை நிறத்துக்கு அன்றி வலிமைக்கு வந்த உவமையாகக் கொள்வது. இரண்டாவது வழிக்குச் சங்க இலக்கியத்தில் ஆதரவு உண்டு. புறநானூற்றின் 37, 201ஆம் பாடல்களிலும் அகநானூற்றின் 375ஆம் பாடலிலும் கோட்டை மதில் செம்போடு சேர்த்துப் பேசப்படுகிறது. பகைவரால் தகர்க்கமுடியாத மதிலுக்குச் செம்பு உவமையாகும்போது திண்மையே முதற்பொருள் ஆகிறது.

ஆயினும் மதிலுக்குப் பொருந்துவது உள்ளறைக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. மதுரைக்காஞ்சியில் அமண்பள்ளியின் சுவர் இதே செம்பு உவமையைப் பெறுகிறது. அங்கே சுவர் சிவந்தது என்பதைப் பாட்டே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே கட்டடத்தின் சுவருக்குச் செம்பை நிறவுவமையாக ஆளும் வழக்கம் பத்துப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேலும் நெடுநல்வாடையில் செம்பு தனித்து வரவில்லை. வெள்ளி, நீலமணி, செம்பு என மூன்று உவமைகள் அடுத்தடுத்த அடிகளில் நிற்கின்றன. முதலிரண்டும் வெண்மையையும் கருநீலத்தையும் காட்டும்போது மூன்றாவது மட்டும் நிறத்தைக் கைவிட்டு வலிமைக்குத் தாவியது என்பது இயல்பான வாசிப்பு ஆகாது.

அப்படியாயின் வெண்சுதை எங்கே போயிற்று? விடை இலக்கணத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பூசுதலைக் குறிக்கும் ‘உரீஇ’, வளைதலைக் குறிக்கும் ‘வளைஇ’ ஆகிய இரண்டும் வினையெச்சங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் தொழில்களை அடுக்கிச் சொல்ல ஏற்ற வடிவம் அது. இடையில் ‘செய்வுறு’ என்ற அடை சுவருக்கு வந்து, அது தொழிலுக்கு உட்பட்ட சுவர் என்பதை உணர்த்துகிறது. முதலில் சுதை பூசி, பிறகு அதன்மேல் செந்நிறம் ஏற்றி, இறுதியில் கொடி எழுதினர் என்ற வரிசையில் படித்தால் வெள்ளிக்கும் செம்புக்கும் முரண் இல்லை. வெண்மை அடித்தளம், செம்மை அதன்மேல் வந்தது. தூணைப் பற்றிய அடி இடையில் நுழைவது இவ்வாசிப்புக்குச் சற்று இடையூறுதான். ஆனால் அறையைச் சுற்றிப் பார்க்கும் கண் சுவருக்கும் தூணுக்கும் மாறிமாறிச் செல்வது பத்துப்பாட்டின் வருணனைமுறைக்குப் புதிதன்று.

சுவர்வேலையின் நடைமுறையும் இதற்கு இசைகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். அதன் காரத்தன்மையில் தாவரச் சாயங்கள் பல நிறம் கெடும்; காவிக்கல் போன்ற மண்நிறங்கள் கெடாமல் நிற்கும். வெள்ளையடித்த சுவரின் அடிப்பகுதியில் காவிப்பட்டை தீட்டும் ஊர்ப்புற வழக்கம் இவ்வறிவின் எளிய வடிவம். நெடுநல்வாடை காவியைப் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. செம்பு போன்ற நிறத்தைச் சுண்ணாம்பின்மேல் நிலைக்கச் செய்ய மண்நிறமே பொருத்தமானது என்ற அளவில் நிற்பது நலம்.

பூசுதலும் வளைதலும்

பாட்டில் சுவர்ப்பகுதி தனித்த ஓர் ஓவியச் சட்டகம் அன்று. நீண்ட கட்டட வேலை ஒன்றின் இறுதிப் படி. உச்சிப்பொழுதின் நிழலைக் குறித்து, நூலறிந்தோர் கயிறிட்டு மனையை வகுக்கும் இடத்திலிருந்து இவ்வேலை தொடங்குகிறது. மதில் எழுகிறது. கதவுக்கு இரும்பு பிணித்துச் செவ்வரக்கு பூசப்படுகிறது. கைவல் கம்மியன் மரங்களை இடைவெளியின்றிப் பொருத்துகிறான். நெடுநிலைக்கு வெண்சிறுகடுகு அப்பி நெய் அணியப்படுகிறது. அரக்குப் பூசும் இடத்தில் (அடி 80) வரும் ‘உரீஇ’ என்ற அதே சொல்தான் சுதை பூசும் இடத்திலும் (அடி 110) வருகிறது. வாயிலிலிருந்து உள்ளறை வரை, மேற்பரப்புகளின்மேல் கை இழைந்து செல்கிறது.

‘வளைஇ’ இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பாட்டின் முதல் அடியிலேயே, உலகம் குளிர மேகம் வலமாக எழுந்து வளைவதைக் குறிக்க இச்சொல் வருகிறது. அரண்மனையின் பல பகுதிகளையும் மதில் ஒருசேர வளைப்பதைக் குறிக்க 79ஆம் அடியில் மீண்டும் வருகிறது. சுவரில் எழுதிய கொடி வளைவதைக் குறிக்க 113ஆம் அடியில் வருகிறது. வானத்தில் மேகம், நிலத்தில் மதில், அறையில் கொடி என வளையம் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு பெண்ணைச் சுற்றி நிற்கிறது. நக்கீரர் இதனைத் திட்டமிட்டு அமைத்தார் என்று நிறுவ இயலாது. பாட்டில் அது அமைந்திருக்கிறது என்பதே போதுமானது.

கொழுகொம்பு குறிக்கப்படாத இக்கொடி தலைவனைப் பிரிந்த அரசியின் குறியீடு என்று சொல்லிவிட ஒரு கவர்ச்சி உண்டு. கருத்தரங்குகளில் இத்தகைய வாசிப்புக்குக் கைதட்டும் கிடைக்கும். ஆனால் சுவரில் எழுதும் பூங்கொடிக்குக் கொழுகொம்பு காட்டாமை அலங்கார ஓவியத்தின் பொதுவியல்பு. அதிலிருந்து பிரிவைப் பிழிந்தெடுப்பது மிகை. கொடி மலர்ந்திருக்கிறது, நிறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே இங்கு வேண்டுவது.

யார் காணும் சுவர்

இலக்கியம் காட்டும் பிற ஓவியச் சுவர்களுக்குப் பார்வையாளர் இருக்கின்றனர். பரங்குன்றத்து மண்டபத்தில் காமனும் இரதியும், அகலிகையும் இந்திரனும் எழுதப்பட்டிருக்க, காண்போர் இது யாது எனக் கேட்கின்றனர், உடன்வந்தோர் விளக்குகின்றனர். புகாரின் உயர்ந்த மாடங்களில் வெண்சுதையின்மேல் தேவர் முதல் எல்லா உயிர்களும் தீட்டப்பட்டிருக்க, தெருவில் செல்வோர் நின்று பார்க்கின்றனர். அவை ஊர்ப்பொதுவான காட்சிகள்.

நெடுநல்வாடையின் சுவர் அத்தகையதன்று. அரசனைத் தவிர வேறு ஆடவர் நெருங்கமுடியாத காவலுடைய இடம் அது என்று அடி 106, 107 அறிவிக்கின்றன. அதற்கு முந்திய அடிகளில், யவனர் செய்த பாவை ஏந்திய விளக்குகளில் நெய் நிறைய ஊற்றப்படுகிறது. குறையும்போதெல்லாம் மீண்டும் நிரப்பப்படுகிறது. தடித்த திரியின் சுடர் தலைநிமிர்ந்து எரிகிறது. வெள்ளியும் மணியும் செம்பும் பகலொளியில் கண்ட நிறங்கள் அல்ல. கூதிர்க்கால இரவில் விளக்கொளியில் மின்னும் நிறங்கள் அவை. மூன்றும் ஒளியை எதிரொளிக்கும் பொருள்களாகவே தேர்ந்துகொள்ளப்பட்டிருப்பது கவனத்திற்குரியது.

அறை காண்பதற்கு இனியது என்று பாட்டு சொல்கிறது. யார் காண்பதற்கு? காணும் உரிமை பெற்ற ஒரே ஆடவன் பாசறையில் இருக்கிறான். ஏவல் மகளிரோ அரசியைத் தேற்றுவதில் ஈடுபட்டிருக்கின்றனர். அரசி அச்சுவரை நோக்கியதாகப் பாட்டில் ஓர் அடியும் இல்லை. இவ்வளவு உழைப்பில் உருவான சுவர், பாட்டு முழுவதிலும் பார்ப்பாரின்றி நிற்கிறது. புலவரின் கண் மட்டுமே அதன்மேல் பட்டுச் செல்கிறது.

ஓவியம் போன்ற இல்

வேலைப்பாடமைந்த வீட்டை ஓவியத்துக்கு ஒப்பிடுவது சங்க இலக்கிய மரபு. பதிற்றுப்பத்தின் 88ஆம் பாடலிலும் புறநானூற்றின் 251ஆம் பாடலிலும் அவ்வொப்புமை உண்டு. பின்னதில் ஓவியம் போன்ற இல் ஒரு துறவியின் இறந்தகாலத்துக்கு உரியது. அகநானூற்றின் 98ஆம் பாடல் இவ்வாய்வுக்கு மிக நெருக்கமானது. தலைவியின் மெலிவு முருகனால் வந்தது என முதுபெண்டிர் கூற, அதனை உண்மை என நம்பிய தாய் வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்கிறாள். ஓவியம் போன்ற அந்த நல்ல இல்லில் நின்றுகொண்டு, மகளின் அழகு பண்டுபோல் சிறக்கவேண்டும் என்று வேண்டுகிறாள். வீடு ஓவியம்போல் நிறைந்திருக்கிறது. மகளின் அழகோ குறைந்திருக்கிறது. குறைவின் காரணம் வீட்டாருக்குத் தெரியவில்லை. வெறிபாடிய காமக்கண்ணியாரின் இப்பாடலில் வீட்டின் செம்மையும் பெண்ணின் மெலிவும் அருகருகே வைக்கப்படுவதால் தாயின் அறியாமை கூர்மையடைகிறது.

நக்கீரர் இம்மரபை எடுத்துத் திருப்புகிறார். வீட்டை அவர் ஓவியம் என்று சொல்லவில்லை. வீட்டில் ஓவியம் எழுதப்படுவதையே காட்டுகிறார். ஓவியம் என்ற சொல்லைப் பெண்ணுக்காக ஒதுக்கிவைக்கிறார். அதையும் எதிர்மறை அடையோடு தருகிறார்.

புனையாமை

அரசியின் தோற்றம் 136ஆம் அடியிலிருந்து விரிகிறது. முத்தாரம் தாங்கிய மார்பில் இன்று நீண்ட தாலி நாண் மட்டும் தொங்குகிறது. கூந்தல் உலர்ந்திருக்கிறது. பெரிய குழைகள் நீக்கப்பட்ட காதில் சிறிய அணி மட்டும் எஞ்சியிருக்கிறது. பொற்றொடி அழுத்திய தழும்பு பதிந்த முன்கையில் வலம்புரி வளையும் காப்புநூலும் உள்ளன. பூந்துகில் உடுத்திய இடையில் மாசேறிய நூலாடை இருக்கிறது. இவற்றை அடுக்கிய பின் 147ஆம் அடியில் ‘புனையா ஓவியம்’ என்ற உவமை வருகிறது.

நச்சினார்க்கினியர் இதற்குத் தரும் விளக்கம் ஓவியத்தொழிலை அறிந்தவர் கூற்றுப் போல உள்ளது. வண்ணம் கொண்டு எழுதாமல், வடிவத்தைக் கோட்டால் மட்டும் வரைந்து நிறுத்திய சித்திரம் என்பது அவர் கொண்ட பொருள். காளிதாசர் குமாரசம்பவத்தில் பார்வதியின் இளமைப்பொலிவைத் தூரிகையால் மலர்த்தப்பட்ட சித்திரத்துக்கு ஒப்பிட்டார். வண்ணம் ஏறும் கணம் அங்கே உவமை. வண்ணம் ஏறாத நிலை இங்கே உவமை.

இவ்விளக்கத்தை உள்ளறைச் சுவரோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் உவமையின் முழு விசை புலப்படுகிறது. சுவரில் சுதை, நிறம், கொடி என எல்லாப் படிகளும் முற்றுப்பெற்றுள்ளன. அச்சுவர்களுக்கு இடையே ஒருத்தி இரண்டாம் படியில், கோட்டுருவாக, நிறுத்தப்பட்டிருக்கிறாள். ‘செய்வுறு’ சுவர், ‘புனையா’ ஓவியம் என்ற இரு அடைகள் முப்பத்தைந்து அடி இடைவெளியில் ஒன்றுக்கொன்று விடை கூறுகின்றன. இடையிலுள்ள கட்டிலும் நிறைவுற்றதே. அதன் மெத்தை, துணையோடு கூடிய அன்னங்களின் தூவியால் ஆனது. அறையில் குறைபட்டு நிற்பது ஒன்றே ஒன்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. உவமையை அடுத்து வரும் அடியிலேயே அரசியின் மேனி தளிர் போன்றது, அதில் சுணங்கு படர்ந்துள்ளது எனப் பாட்டு பேசுகிறது. தளிருக்கும் சுணங்குக்கும் நிறம் உண்டு. பிரிவில் வாடும் பெண்ணின்மேல் புலவர்கள் வழக்கமாக ஏற்றும் பசலையும் இவ்வருணனையில் இல்லை. அவ்வாறிருக்க, வண்ணமற்ற கோட்டுருவம் என்ற வாசிப்பு எவ்வாறு நிற்கும்?

விடை, ‘புனைதல்’ எதைக் குறிக்கிறது என்பதைப் பொறுத்தது. நீக்கப்பட்டவை எல்லாம் மேலே அணியப்படுபவை, பூசப்படுபவை. எஞ்சியிருப்பவை உடலோடு பிறந்தவை. கோட்டுருவில் வடிவம் முழுமையாக இருப்பதுபோல் அவளது இயல்பழகும் முழுமையாக இருக்கிறது. பாட்டின் முற்பகுதி இதனை முன்னரே ஆயத்தம் செய்திருக்கிறது. குளிர் மிகுதியால் மகளிர் வடநாட்டிலிருந்து வந்த சாந்தரைக்கும் வட்டக்கல்லைச் சந்தனத்தோடு ஒதுக்கிவைக்கின்றனர். கம்மியன் அழகுறப் புனைந்த செந்நிற விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படர்ந்து தொங்குகிறது. சாந்து என்ற சொல் தமிழில் உடலில் பூசுவதற்கும் சுவரில் பூசுவதற்கும் பொதுவானது. கூதிர்க்காலத்தில் உடலின் சாந்து ஒதுங்கிவிட்டது. சுவரின் சாந்து வெள்ளிபோல் விளங்குகிறது.

மறுப்பைத் தொடர்ந்து மற்றொரு வினாவும் எழுகிறது. அது இன்னும் பயனுடையது. அரசி முன்பு அணிந்திருந்தவள். முன்கையில் தொடியின் தழும்பு அதற்குச் சான்று. அப்படியானால் அவளுக்கு ஏற்ற உவமை, வண்ணம் அழிந்த ஓவியமாகவே இருக்க வேண்டும். அழிந்த ஓவியத்தை உவமையாக்குவது புலவருக்கு அரிதன்று. ஆனால் அவர் தேர்ந்தது இன்னும் தீட்டாத ஓவியத்தை. அழிந்ததற்குப் பின்னால் இழப்பு மட்டுமே உண்டு. தீட்டாததற்கு முன்னால் ஒரு தூரிகை காத்திருக்கிறது. தழும்பு இறந்தகாலத்தைக் காட்ட, உவமை எதிர்காலத்தைக் காட்டுகிறது. போர் விரைவில் முடிக என்று கொற்றவையை வேண்டும் குரல் பின்னர் எழும்போது, அவ்வேண்டுதலுக்குரிய இடத்தை இவ்வுவமை முன்னரே திறந்து வைத்திருக்கிறது. இரங்கல் பாட்டாக மட்டும் நெடுநல்வாடையைக் காண்போர் இவ்வேறுபாட்டைக் கருதவேண்டும்.

விதானமும் விளக்கும்

அரசி நோக்கும் ஓவியம் ஒன்று உண்டு. அது சுவரில் இல்லை. கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய புதிய திரைச்சீலையில் மேடம் முதலாகச் சுழலும் ஞாயிற்று மண்டலமும், திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. உரோகிணியை நினைந்து நோக்கி அவள் நெடுமூச்செறிகிறாள். படுத்திருப்பவளின் கண்ணுக்கு நேரே அமைவது மேற்கூரை என்பது எளிய உண்மை. ஆயினும் சுவரின் கொடிக்கும் சீலையின் உரோகிணிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதைவிடப் பெரிது. கொடி எவரோடும் இணையவில்லை, எவரையும் பிரியவுமில்லை. அதனிடம் அவள் கேட்பதற்கு ஏதுமில்லை. உரோகிணி முழுமையாகத் தீட்டப்பட்டவள், துணையோடு இருப்பவள். புனையா ஓவியம் ஒன்று, புனைந்த ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறது.

வேம்பு சூட்டிய வேல் இடம்பெறுவதால், அடையாளப்பூ வந்தது என்ற காரணம் காட்டி நச்சினார்க்கினியர் இப்பாட்டைப் புறமாகக் கொண்டார். இவ்விவாதம் நெடியது, அதில் புகுவது இங்கு நோக்கமன்று. ஆனால் அந்த வேல் தோன்றும் பாசறைக் காட்சியைச் சுவரோடு சேர்த்துப் பார்க்கலாம். நள்ளிரவிலும் உறங்காத அரசன் வாட்புண் பட்ட வீரரைக் காணச் சுற்றிவருகிறான். அங்கும் விளக்குகள் எரிகின்றன. வாடை வீசுந்தோறும் அவற்றின் தடித்த சுடர்கள் அசைந்து, தெற்கு நோக்கித் தலை சாய்கின்றன. சுதையும் அரக்கும் கொண்டு காற்றை வெளியே நிறுத்திய அறையில், பாவையின் கையிலுள்ள சுடர் நிமிர்ந்தே நிற்கிறது. அதன் ஒளி, அவன் இன்னும் வந்து காணாத செம்புச் சுவரின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.